ஐந்து சீட்டு, ஒரே உடம்பு

அத்தியாயம் 7: பல நோய்களுக்கான சிகிச்சையை நோயாளியே ஒருங்கிணைப்பது

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுத்தறி ஓடும் ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். இது எடுத்துக்காட்டுக்காகச் சொல்லும் வீடு. வீட்டுக்காரருக்கு 62 வயது. சர்க்கரை வந்து பதினைந்து வருடம், ரத்த அழுத்தம் வந்து பத்து வருடம். வாழ்நாளெல்லாம் குழித்தறியில் உட்கார்ந்ததில் இடுப்பும் முழங்காலும் சேர்ந்து வலிக்கின்றன. போன மழைக்காலத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியிருந்தது. மனைவிக்குத் தைராய்டு, ரத்தசோகை, எலும்புத் தேய்மானம்.

சர்க்கரை மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்குகிறார். பிரஷருக்குப் பக்கத்துத் தெரு கிளினிக், முழங்காலுக்கு எலும்பு டாக்டர், கண்ணுக்குச் சென்னை, கிரியாட்டினினுக்குச் செங்கல்பட்டு. ஆக, கையில் ஐந்து சீட்டு. ஒவ்வொரு டாக்டரும் தன் சீட்டில் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் எலும்பு டாக்டரின் வலி மாத்திரையும், கிளினிக்கின் லோசார்டானும், கால் வீக்கத்துக்குக் கொடுத்த நீர் மாத்திரையும் ஒரே உடம்புக்குள் போய்ச் சேரும்போது அடி விழுவது சிறுநீரகத்துக்கு. ஐந்து சீட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர் மட்டும் யாரும் இல்லை.

அந்த வேலையை நோயாளியோ, வீட்டில் பொறுப்பான ஒருவரோ எப்படிச் செய்வது என்பதுதான் இந்த அத்தியாயம். மருந்தை நிறுத்துவதும் மாற்றுவதும் அளவைக் கூட்டுவதும் இதில் சேராது. அவை டாக்டரின் வேலை. எந்த டாக்டரிடம் போனாலும் அவர் முழு நிலவரத்தையும் பார்க்கும்படி செய்வதுதான் நோயாளியின் பங்கு.

இந்த நிலை அபூர்வமானதல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாகவும் மதிப்பிட்டது. இரண்டும் ஒருவருக்கே இருப்பது சகஜம். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மருந்துகளால் வரும் தீங்கைக் குறைக்கவென்றே தனியாக ஓர் உலகளாவிய இயக்கத்தைத் தொடங்கியது. பல மருந்துகளை ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள் அதன் முக்கிய அக்கறைகளில் ஒன்று.

முதல் வேலை: பையைக் கொட்டுவது

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். தறி ஓடாத நாளாக இருந்தால் நல்லது. கண் தெளிவாகத் தெரியும் ஒருவர் கூட உட்கார வேண்டும்.

1. வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை, சிரப், ஊசி, தைலம், லேகியம், பொடி ஆகியவற்றை ஒரே பாயில் கொட்டுங்கள். அலமாரி, சாமி அறை, தறி மேடை ஓரம், பர்ஸ், எதையும் விட வேண்டாம். நாட்டு மருந்தும் சேர்த்தி.

2. காலாவதியானவற்றைத் தனியாக ஒதுக்குங்கள். அட்டையில் தேதி அச்சிட்ட பகுதியைக் கிழித்துவிட்டதால் தேதி தெரியாத மாத்திரையும் இதே கூட்டத்தில்தான். இனிமேல் அட்டையைக் கத்தரிக்கும்போது பெயரும் தேதியும் உள்ள முனையைக் கடைசிவரை விட்டுவையுங்கள்.

3. ஒவ்வொரு அட்டையிலும் பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். அதை எழுதுங்கள்.

4. ஒரே மருந்து இரண்டு அட்டைகளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

5. எதற்காகச் சாப்பிடுகிறோம் என்று தெரியாத மாத்திரைக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். தூக்கி எறிய வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். அடுத்த முறை டாக்டரிடம் கேட்கும் முதல் கேள்வி அது.

6. சீட்டுகள், லேப் ரிப்போர்ட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கிக் கோப்பில் போடுங்கள். புதியது மேலே இருக்கட்டும். சி.டி. ஸ்கேன் படம் போன்ற பெரியவற்றைத் தனி உறையில் வையுங்கள்.

நான்காவது படியில்தான் அதிக ஆபத்து வெளியே வரும். அரசு ஆஸ்பத்திரியில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கிக் கொடுக்கும் மாத்திரை, மருந்தின் பொதுப் பெயரிலேயே வருகிறது. தனியார் கிளினிக்கில் எழுதுவது பெரும்பாலும் கம்பெனிப் பெயர். அரசு அட்டையில் ‘அம்லோடிபின்’ என்று இருக்கும். கடையில் வாங்கிய அட்டையில் வேறு பெயர் இருக்கும். அடியில் பார்த்தால் அதுவும் அம்லோடிபின்தான். இரண்டையும் சாப்பிட்டால் அளவு இரட்டிப்பாகும். பிரஷர் இறங்கி, குழித்தறியிலிருந்து எழும்போது தலை சுற்றும். கால் வீங்கும். அந்த வீக்கத்துக்கு இன்னொரு டாக்டர் நீர் மாத்திரை எழுதுவார். ஒரு மருந்தின் பக்கவிளைவு புது நோயாகத் தெரிந்து, அதற்கு இன்னொரு மருந்து சேர்வது இப்படித்தான்.

கவனம்: ஒரே மருந்து இரண்டு முறை இருப்பதைக் கண்டுபிடித்தால், அன்றே கிளினிக்குக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ இரண்டு அட்டைகளையும் எடுத்துப் போய்க் காட்டி எதைத் தொடர்வது என்று கேளுங்கள். அடுத்த மாத முறை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஒற்றைத் தாள்

கோப்பு தடிமனாக இருந்தால் எந்த டாக்டரும் புரட்டிப் பார்க்க மாட்டார். 2017-இல் ‘பி.எம்.ஜே. ஓபன்’ இதழில் 67 நாடுகளின் தகவல்களைத் தொகுத்து ஓர் ஆய்வு வந்தது. ஒரு நோயாளிக்கு டாக்டர் ஒதுக்கும் நேரம் வங்கதேசத்தில் 48 விநாடி, ஸ்வீடனில் 22.5 நிமிடம். இந்தியா இதில் வங்கதேசத்துக்கு அருகில்தான் இருக்கிறது; இரண்டு நிமிடத்தைச் சற்றே தாண்டுகிறது. அந்த இரண்டு நிமிடத்துக்குள் படித்துவிடும்படி ஒரு தாள் வேண்டும். ஒரே தாள், இரண்டு பக்கம், கறுப்பு மையில் கொட்டை எழுத்து.

முன்பக்கத்தில் இருக்க வேண்டியவை, இதே வரிசையில்:

1. பெயர், வயது, எடை, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் செல் எண்.

2. ஒவ்வாமை. எந்த மருந்துக்கு என்ன ஆனது என்று எழுதுங்கள். சிவப்பு மையில்.

3. நோய்கள், எந்த ஆண்டிலிருந்து என்பதோடு.

4. செய்துகொண்ட அறுவைச் சிகிச்சைகள், பொருத்திய ஸ்டென்ட், பேஸ்மேக்கர்.

5. இப்போது சாப்பிடும் மருந்துகள்.

மருந்துப் பட்டியலின் ஒரு வரி இப்படி இருந்தால் போதும்: “மெட்ஃபார்மின் 500 மி.கி., காலை 1, இரவு 1, சாப்பிட்டதும், சர்க்கரைக்கு, ஆரம்ப சுகாதார நிலையம், 2019 முதல்.” என்ன மருந்து, எவ்வளவு, எப்போது, எதற்கு, யார் கொடுத்தது, எப்போதிலிருந்து. இந்த ஆறில் ‘எதற்கு’, ‘யார் கொடுத்தது’ என்ற இரண்டைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு மருந்தை நிறுத்தலாமா என்று யோசிக்கும் டாக்டருக்கு இந்த இரண்டு விவரமும் தெரிந்தே ஆக வேண்டும்.

பின்பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் வரையுங்கள். தேதி, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி, கிரியாட்டினின், எடை. கடைசி நான்கு முறை எடுத்த எண்கள் போதும். ஒரு கிரியாட்டினின் எண்ணை மட்டும் பார்த்தால் அது பெரிதாக ஒன்றும் சொல்லாது. 1.1, 1.3, 1.6 என்று வரிசையாக ஏறுவதைப் பார்த்தால் எந்த டாக்டரும் நிமிர்ந்து உட்காருவார்.

அதன் கீழே ஒரே ஒரு வரி: “எனக்கு முக்கியம் எது?” நம் நெசவாளர் அங்கே, “தினமும் ஆறு மணி நேரம் தறியில் உட்கார முடிய வேண்டும்” என்று எழுதலாம். இது அலங்காரத்துக்கு எழுதும் வரி அல்ல. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-இல் பல நோய்களோடு வாழ்பவர்களுக்காக வெளியிட்ட மருத்துவ வழிகாட்டுதல், நோயாளி எதை முக்கியமாகக் கருதுகிறார் என்று கேட்டுத்தான் சிகிச்சையை வகுக்க வேண்டும் என்கிறது. எல்லா எண்ணையும் ஒரே நேரத்தில் சரியாக்க முடியாதபோது, எதை முதலில் பிடிப்பது என்று முடிவு செய்ய இந்த ஒரு வரி உதவும்.

குறிப்பு: தாளின் மேல் மூலையில் தேதி போடுங்கள். மருந்து மாறும் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதி, பழையதில் குறுக்குக் கோடு போட்டுக் கோப்பில் வைத்துவிடுங்கள். அடித்து, திருத்தி, பக்கத்தில் சேர்த்து எழுதிய தாள் குழப்பத்தைத்தான் வளர்க்கும். செல்போனில் படம் எடுத்து மகனுக்கோ மருமகளுக்கோ அனுப்பி வையுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து பழைய விவரம் தேவைப்பட்டால் எழுத்து மூலம் கேட்கலாம். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். ஆதார் உள்ளவர்கள் ‘ஆபா’ என்னும் 14 இலக்கச் சுகாதாரக் கணக்கு எண் எடுத்துக்கொண்டால் ரிப்போர்ட்டுகளைச் செல்போனிலேயே சேர்த்து வைக்கலாம். ஆனாலும் காகிதத் தாளை விட வேண்டாம். சார்ஜ் இறங்காமல் கையோடு வருவது காகிதம்தான்.

முதன்மை டாக்டர் ஒருவரைப் பிடிப்பது

ஐந்து டாக்டர்களில் ஒருவரை மையமாக வைத்துக்கொள்ள வேண்டும். அவர் பெரிய ஸ்பெஷலிஸ்டாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பார்க்கப்போனால், வீட்டுக்கு அருகில் இருக்கும் பொது மருத்துவரோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரோதான் இதற்குப் பொருத்தம். மற்ற நால்வரிடமிருந்து வரும் ஒவ்வொரு சீட்டும் அவர் கண்ணில் பட்ட பிறகே நிரந்தர மருந்தாக வேண்டும்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது கூடுதல் முக்கியம். 2019 நவம்பரில் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபோது செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஊரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. புற்றுநோய்க்குக் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு மருத்துவமனை இருக்கிறது. இதயம், சிறுநீரகம், நரம்பு என்று வரும்போது சிலர் செங்கல்பட்டுக்கும், சிலர் சென்னைக்கும், சிலர் வேலூர் சி.எம்.சி.க்கும் பஸ் ஏறுகிறார்கள். மூன்று திசை, மூன்று கோப்பு. ஊரில் ஒருவர் மையமாக இல்லையென்றால் இவை ஒருபோதும் சந்திக்காது.

அவரிடம் முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது: “டாக்டர், நான் நாலு இடத்துல பாக்குறேன். எல்லா மருந்தையும் நீங்க ஒருத்தர் மொத்தமாப் பாத்துச் சொல்லணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை இந்தத் தாளோட வர்றேன்.” இப்படிக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று பலர் தயங்குகிறார்கள். வேறு இடத்தில் பார்ப்பதை மறைப்பதுதான் டாக்டருக்குச் சங்கடம்; அவர் பாதி தகவலில் மருந்து எழுத வேண்டியிருக்கிறது.

அந்த இரண்டு நிமிடத்தை எப்படிப் பயன்படுத்துவது

1. உட்கார்ந்ததும் தாளை நீட்டுங்கள். கதையை அதற்குப் பிறகு ஆரம்பிக்கலாம்.

2. மிக முக்கியமான கேள்வியை முதலில் கேளுங்கள். வாசல்வரை போய்த் திரும்பி, “டாக்டர், நெஞ்சு லேசா வலிக்குது” என்று சொல்வது அடிக்கடி நடக்கும் தவறு.

3. கேள்விகள் இரண்டு, மிஞ்சினால் மூன்று. முன்னாடியே எழுதிக்கொள்ளுங்கள்.

4. புது மருந்து எழுதினால் நான்கு விஷயம் கேளுங்கள்: இது எதற்கு? என் மற்ற மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா? எத்தனை நாள்? இதற்குப் பதிலாக எதையாவது நிறுத்தலாமா?

5. டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள். “அப்போ காலை மாத்திரை பாதியாக் குறையுது, ராத்திரி மாத்திரை அப்படியே, சரிதானே டாக்டர்?” தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

வயதானவரோடு வீட்டில் ஒருவர் போவது பலன் தரும். எப்போதும் ஒரே ஆள் போனால் இன்னும் நல்லது.

எங்கெங்கே மருந்துகள் மோதிக்கொள்கின்றன

எல்லா மோதல்களையும் நோயாளி மனப்பாடம் செய்ய முடியாது. நெசவாளர் வீடுகளில் அடிக்கடி எட்டிப்பார்க்கக்கூடிய சிலவற்றையாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வலி மாத்திரை. இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. நாள் முழுவதும் குனிந்து உட்காரும் தொழிலில் வலி தினக்கூலி மாதிரி கூடவே வரும். கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐப்யூபுரோஃபன் வகையறா பிரஷரை ஏற்றும், வயிற்றில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். எனலாபிரில், லோசார்டான், டெல்மிசார்டான் போன்ற பிரஷர் மருந்தும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர் இதையும் சேர்த்தால் சிறுநீரகம் சட்டென்று செயல் குறையக்கூடும். வெயில் காலத்தில் தண்ணீர் குறைவாகக் குடித்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். பாரசிட்டமால், வலி உள்ள இடத்தில் தடவும் மருந்து, உடற்பயிற்சிச் சிகிச்சை என்று மாற்று வழிகள் இருக்கின்றன. எது பொருந்தும் என்று முதன்மை டாக்டரைக் கேளுங்கள். “கிரியாட்டினின் ஏறியிருக்கு, வலி மாத்திரை வேண்டாம்னு சொல்லியிருக்காங்க” என்பதை மருந்துக்கடைக்காரரிடமும் சொல்லிப் பழகுங்கள்.

மூட்டுவலிக்கென்று பெயர் அச்சிடாத பொட்டலத்தில் தரும் பொடி, மாத்திரை எதையும் வாங்க வேண்டாம். ஒரே நாளில் வலி பறந்துபோனால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. ஸ்டீராய்டு சர்க்கரையைக் கிடுகிடுவென ஏற்றும். நீண்ட நாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள்.

மெட்ஃபார்மின். நல்ல மருந்து, விலையும் குறைவு. ஆனால் சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைச் சொல்லும் இ.ஜி.எஃப்.ஆர். எண் 45-க்குக் கீழே போனால் அளவை மறுபடி பார்க்க வேண்டும், 30-க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும். லேப்பில் கிரியாட்டினின் பார்க்கும்போதே இந்த எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

தைராய்டு மாத்திரை. வீட்டம்மாவின் கதை இது. தைராக்சினைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மூன்றையும் காலையில் ஒரே மூச்சில் விழுங்கினால் தைராய்டு மருந்து உடம்பில் சேராது. ரிப்போர்ட்டில் தைராய்டு சரியாகவில்லை என்று வரும், டாக்டர் அளவைக் கூட்டுவார். கடிகாரத்தை மாற்றினாலே தீரக்கூடிய விஷயம்.

அட்டினலால் போன்ற பிரஷர் மருந்துகள். சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இவை மறைத்துவிடும். வியர்வை மட்டும் வரும். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோடோ இன்சுலினோடோ இதைச் சாப்பிடுகிறவர் காரணமில்லாமல் வியர்த்தால் உடனே சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

சளி மாத்திரை. மூக்கடைப்புக்கான சில மருந்துகள் பிரஷரை ஏற்றும். நுரைத்துப் பொங்கும் வயிற்று உப்பும் அப்படித்தான்; அதில் சோடியம் அதிகம்.

உப்பு. இந்துப்பும் சோடியம் உப்புதான். பிரஷர்காரர் அதை அளவில்லாமல் போட்டுக்கொள்ளக் கூடாது. சோடியம் குறைந்தது என்று விற்கும் மாற்று உப்பில் பொட்டாசியம் சேர்ந்திருக்கும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கும், லோசார்டான் வகை மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர் இளநீரையும் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும்.

சித்த மருந்து. அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவே இருக்கிறது. பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் அதே ஒற்றைத் தாளைக் காட்டுங்கள். சிறுகுறிஞ்சான், பாகற்சாறு போன்றவை சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரையை அதிகம் தாழ்த்தலாம். சிறுநீரகம் பழுதானவர் பஸ்பம், செந்தூரம் எதையும் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

தறி வீட்டின் ஒரு நாள்

மருந்து நேரத்தை வேலை நேரத்தோடு பொருத்தினால்தான் நிலைக்கும். கோர்வைச் சேலை நெய்யும் தறியில் எதிர்ப்பக்கம் நாடா எறிய ஒரு துணையாள் வேண்டும். ஒருவர் எழுந்தால் இருவர் வேலையும் நிற்கும். அதனால்தான் பசித்தாலும் “இந்த வரி முடியட்டும்” என்று சாப்பாடு தள்ளிப்போகிறது. காலையில் சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது தாழ்சர்க்கரைக்கு நேரான வழி.

1. தறி மேடையில் கை எட்டும் இடத்தில் ஒரு சின்ன டப்பாவில் சர்க்கரையோ குளுக்கோஸோ எப்போதும் இருக்கட்டும். எதிரே உட்காருகிறவருக்கும் அது எதற்கென்று தெரிந்திருக்க வேண்டும்.

2. வியர்வை, நடுக்கம், கண் இருட்டல், குழப்பமான பேச்சு இருந்தால் வேலையை நிறுத்துங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தாலும், பார்க்கக் கருவி இல்லாவிட்டாலும், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சரியானதும் ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழையுங்கள்.

3. குழியிலிருந்து ஒரேயடியாக எழ வேண்டாம். மேடை விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிடித்துக்கொண்டு எழுங்கள். எழும்போது தலை சுற்றினால் அதைத் தாளின் பின்பக்கம் குறித்து, நின்ற நிலையிலும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள்.

4. சாயங்காலம் வேலை முடிந்ததும் இரண்டு பாதத்தையும் கழுவி, விரலிடுக்கு உட்பட நன்றாகத் துடைத்து, அடிப்பாதத்தைக் கண்ணாடியில் பாருங்கள். மிதிப்பலகையில் வெறுங்காலோடு நாளெல்லாம் மிதிக்கிறவருக்குச் சிராய்ப்பும் காய்ப்பும் சாதாரணம். சர்க்கரையால் உணர்ச்சி மரத்த காலில் அதே சிராய்ப்பு, வலியே இல்லாமல் புண்ணாகி எலும்புவரை போகலாம்.

இன்சுலின் போடுகிறவர் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால், ஈரப்படுத்திய மண்பானைக்குள் மூடிய டப்பாவில் வைத்து நிழலில் வைக்கலாம். ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. பிரித்த குப்பியில் தேதி எழுதி, அட்டையில் சொன்ன நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

விரதமும் கோவிலும்

காஞ்சிபுரத்தில் விரதமோ திருவிழாவோ இல்லாத மாதம் இல்லை. புரட்டாசிச் சனி, ஏகாதசி, சஷ்டி, வரதராஜப் பெருமாளின் வைகாசி கருட சேவை. விரதத்தைக் கைவிடச் சொல்வது இந்த அத்தியாயத்தின் நோக்கம் அல்ல. ஒரு வாரம் முன்னதாக டாக்டரிடம், “சனிக்கிழமை ஒரு வேளைதான் சாப்பிடுவேன், அன்னிக்கு எந்த மாத்திரை எவ்வளவு?” என்று கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் எடுக்கிறவர்கள் கேட்காமல் பட்டினி இருப்பது உயிருக்கு ஆபத்து. சாப்பாட்டை நிறுத்திவிட்டு மாத்திரையைத் தொடர்வதும் தவறு, விரதம் என்று எல்லா மாத்திரையையும் விடுவதும் தவறு.

கோவில் பிராகாரத்தில் இன்னோர் ஆபத்து உண்டு. சித்திரை வெயிலில் கருங்கல் தரை கொதிக்கும். கால் மரத்தவருக்குச் சூடு தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகு கொப்புளம் தெரியும். விடியற்காலையோ பொழுது சாய்ந்தோ போவதும், விரித்திருக்கும் தேங்காய் நார்ப் பாயை விட்டு இறங்காமல் நடப்பதும் நல்லது.

வருடக் கணக்கு

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒவ்வொரு நாளும் கூலி போகும் நாள். அதனால் பரிசோதனைகளைச் சேர்த்துச் செய்யத் திட்டமிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி. சர்க்கரை நிலையாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். வருடத்துக்கு ஒருமுறையாவது கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின், கொழுப்பு, விழித்திரைப் பரிசோதனை, பாத உணர்ச்சிப் பரிசோதனை. சிறுநீரகம் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தால் டாக்டர் இன்னும் அடிக்கடி சொல்வார். ஒரு டாக்டர் எழுதிய ரத்தப் பரிசோதனையை இன்னொருவரும் எழுதியிருந்தால், “போன வாரம் எடுத்தது இருக்கு டாக்டர், இது போதுமா?” என்று கேட்கலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் பாவு வேலை தடைப்பட்டுத் தறி அடிக்கடி நிற்கும். வருடாந்தரப் பரிசோதனைகளுக்கு அது தோதான காலம். அதே மாதங்களில்தான் காசு தட்டுப்பட்டு மருந்து வாங்குவதும் தடைப்படும். ஆகவே புரட்டாசியிலேயே ஒரு மாத மருந்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

காசு குறைக்கும் வழிகள் உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வரும். இயன்முறைச் சிகிச்சையும் உண்டு, முழங்கால் வலிக்குக் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடம் ஒற்றைத் தாளைக் காட்டி, அவர் பார்க்கும் எண்களை அதிலேயே எழுதச் சொல்லுங்கள். தனியார் கிளினிக் மாத்திரையும் இருப்பதை அவரிடம் மறைக்க வேண்டாம். 2025 பிப்ரவரி 24 அன்று மாநிலம் முழுவதும் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறந்தன. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களும் இருக்கின்றன. இரண்டிலும் பொதுப் பெயர் மருந்து மலிவு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கிடைக்கும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை. அட்டையை நோய் முற்றும் முன்பே எடுத்து வையுங்கள். சந்தேகங்களுக்கு 104-ஐ அழைக்கலாம்.

வாந்தி, பேதி வரும் நாட்கள்

உடம்பில் நீர் வற்றும்போது மெட்ஃபார்மின், நீர் மாத்திரை, எனலாபிரில், லோசார்டான் போன்றவற்றைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வது உண்டு. எதை, எத்தனை நாள் என்பதை நல்ல உடம்போடு இருக்கும்போதே முதன்மை டாக்டரிடம் கேட்டுத் தாளில் எழுதிவையுங்கள். இன்சுலினைத் தானாக நிறுத்தக் கூடாது.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், ஒரு பக்கம் கை கால் விழுதல், மிகக் குறைந்த சிறுநீர், கறுப்பு மலம் இவற்றில் எது வந்தாலும் எந்த டாக்டர் என்று யோசிக்க வேண்டாம், 108. நெஞ்சுவலிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பும் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023 ஜூனிலிருந்து நடக்கிறது. ஒற்றைத் தாளை ஆம்புலன்ஸ் ஊழியர் கையில் கொடுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்போது

1. டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வாங்காமல் கட்டிலை விட்டு இறங்க வேண்டாம்.

2. பழைய மருந்துகளில் எது தொடர்கிறது, எது நின்றது, எது புதிது என்று செவிலியரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பழைய தாளிலேயே குறியிடுங்கள்.

3. வீட்டுக்கு வந்த அன்றே நிறுத்திய மாத்திரைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, உறையில் போட்டு, ‘நிறுத்தியது’ என்று தேதியோடு எழுதித் தனியாக வையுங்கள்.

4. புதுத் தாள் எழுதுங்கள்.

5. ஒரு வாரத்துக்குள் சம்மரி, புதுத் தாள், அந்த உறை மூன்றோடும் முதன்மை டாக்டரைப் பாருங்கள். கிரியாட்டினின், பொட்டாசியம் எப்போது மறுபடி பார்க்க வேண்டும் என்று கேட்டு, அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டுவிடுங்கள்.